சம்பந்தி வீட்டு இலைக்கூண்டு

அக்டோபர் 12, ஞாயிறு

மகள் வீட்டு மணியை அடித்தேன். திறக்கவில்லை. மறுபடி அடித்தேன். கொல்லைப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம். வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால், நான்கு கழிகளை நட்டு, கம்பி வலையைச் சுற்றிக் கட்டி, ஆள் இறங்கி நிற்கிற அளவுக்கு ஒரு கூண்டு. அது நிறையக் காய்ந்த இலை. நடுவில் என் மகள், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு குதித்துக் குதித்து மிதித்துக்கொண்டிருக்கிறாள். வெளியே சம்பந்தியம்மாள் குழாயைப் பிடித்து இலைமேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறார்.

"வாம்மா, நீயும் ஏறி மிதி! நல்லா நனைச்சு அமுக்கி வெச்சா, ஒரு வருஷத்துல எல்லாம் கறுத்து உதிரி உதிரியா மக்கிடும்னு அத்தை சொன்னாங்க."

"இங்க வெறும் களிமண்ணு, சம்பந்தி," என்றார் அவர். "மழை பெஞ்சா சேறு, வெயிலடிச்சா செங்கல். இலை மக்கைக் கலந்தாத்தான் கொஞ்சம் இளகிக் குடுக்கும்."

நல்ல செருப்பு போட்டிருக்கிறேன் என்று சொல்லித் தள்ளியே நின்றேன். என் வீட்டில் இருந்தவரை துடைப்பத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்று இவளுக்குத் தெரியாது. அறையைப் பெருக்கச் சொன்னால் தலைவலி வந்துவிடும். இங்கே தெருக்கோடி வரை போய் மூட்டை மூட்டையாக இலை வாரிக்கொண்டு வருகிறாளாம்.

பெண்ணுக்கு நல்ல மாமியார் அமைய வேண்டும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை. கிடைத்துவிட்டது. இவ்வளவு நல்லதாகவா கேட்டேன்?

அக்டோபர் 14, செவ்வாய்

நான்தான் போன் செய்தேன். பேசியது முழுக்க இலை. "அத்தை சொன்னாங்க", "அத்தை சொன்னாங்க". அத்தை சொல்லாமல் இவள் இப்போது மூச்சாவது விடுகிறாளா?

அக்டோபர் 26, ஞாயிறு

இன்றும் போனேன். போகாமல் இருந்தால் தேடுவாளா என்று பார்க்கத்தான் நினைத்தேன். தேடாவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது, போய்விட்டேன்.

இன்று புல்வெட்டும் மெஷினை இலைமேல் ஓட்டினார்கள். துண்டு துண்டாக நறுக்கிப் போட்டால் சீக்கிரம் மக்குமாம். தடித்த, பளபளப்பான இலையெல்லாம் தனி மூட்டை, அது மக்க நாளாகுமாம். காய்கறித் தோல் எதுவும் உள்ளே போடக் கூடாதாம். குப்பைக்குழி மாதிரி சூடேறி வேகிற சமாசாரமில்லையாம் இது, பூஞ்சைதான் மெல்ல மெல்ல வேலை செய்யுமாம். எல்லாவற்றையும் மகள் வாய் பிளந்து கேட்கிறாள். நான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த காலத்தில் இந்த வாய் கொட்டாவிக்குத்தான் திறந்தது.

சம்பந்தியம்மாள் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். குரலை உயர்த்தத் தெரியாது. மருமகள் கண்ணாடித் தட்டை உடைத்தால், "விடும்மா, பழசு"ங்கிறார். மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று ஊரில் எல்லா மாமியாரும் சண்டை போடுகிறார்கள். நமக்கு வாய்த்தது மட்டும் இப்படி. குறை சொல்லவாவது ஒரு குறை வேண்டாமா மனுஷிக்கு?

வந்த வழியில் முடிவு செய்தேன். இலை என்ன அவர் வீட்டுச் சொத்தா?

நவம்பர் 5, புதன்

நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரி வாசலில் மூன்று பெரிய மரங்கள். வேலைக்குச் சீக்கிரம் போய், பெருக்கி, கறுப்புப் பைகளில் வாரினேன். டாக்டர் காரை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "வரவேற்பு மேசைக்குத்தானே உங்களை வெச்சேன்?" என்றார். சுத்தம் சோறு போடும் டாக்டர் என்றேன். நம்பவில்லை, ஆனால் மகிழ்ந்தார்.

மூட்டைகளை மாடிக்கு ஏற்றுவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. பால்கனியில் வரிசையாக வைத்திருக்கிறேன். நன்றாக நனைத்தேன். காற்றுப் புகாமல் வாயை இறுக்கி, ஊறுகாய் ஜாடிக்குக் கட்டுகிற மாதிரி இரட்டை முடிச்சுப் போட்டேன். சீக்கிரம் ஊறட்டும் என்று கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீரும் ஊற்றினேன். இது யாரும் சொல்லாமல் என் மூளையில் உதித்தது.

அவளுடையதற்கு முன்னால் என்னுடையது தயாராக வேண்டும். அவளுடையது என்று எழுதுகிறேன், எழுதுவது சம்பந்தியைத்தான். நோட்டில்கூட மரியாதை கொடுக்க முடியவில்லை இன்று.

டிசம்பர் 3, புதன்

மகள் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

செய்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். "தப்பா நினைக்காதீங்க. உங்க பால்கனியில எலி எதுவும் செத்துக் கிடக்கா?" அவர் உலர்த்தியிருந்த சட்டையில் கறுப்பாகச் சொட்டியிருந்தது.

பையைப் பிரித்தேன். ஐயோ. மக்கவில்லை, அழுகியிருக்கிறது. கொழகொழவென்று கறுப்புச் சகதி, சாக்கடை நாற்றம். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, குப்பை வண்டிக்காரர் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் இறக்கிக் கொடுத்தேன். கீழ்வீட்டுக்காரர் சட்டையைத் துவைத்துக் கொடுக்கிறேன் என்று வாங்கி வந்திருக்கிறேன்.

மகளிடம் சொல்லக் கூடாது என்றிருந்தேன். வாய் சும்மா இருக்குமா, சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "பையில ஓட்டை போடணும்மா! அதுக்கு மூச்சு வேணும்ல? அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம். கிணற்றில் விழுந்தும் இருக்கலாம்.

மார்ச் 22, ஞாயிறு

மகள் முழுகாமல் இருக்கிறாள்!

கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். அவளுடைய அப்பா போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இப்படி அழுததில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் பார்த்தேன். சமையலறை அலமாரியில் மாசமானவர்கள் சாப்பிடுகிற சத்து மாத்திரை டப்பா, பாதி காலி.

அப்படியென்றால் அந்தம்மாவுக்கு முன்பே தெரியும். எப்போதிலிருந்து? கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள்.

ஏப்ரல் 15, புதன்

ஆஸ்பத்திரியில் கூட்டமில்லை. டாக்டர் என்னையே நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தார். "கடவாய்ப் பல்லெல்லாம் தேஞ்சிருக்கே! தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்களா?"

"இல்ல டாக்டர். முழிச்சிருக்கும்போதுதான்."

ஜூன் 14, ஞாயிறு

எழுத வேண்டாம் என்று நினைத்தேன்.

பிரசவ அறைக்குள் அவளோடு ஒருவர்தான் இருக்கலாமாம். அது அந்த ஆஸ்பத்திரி விதி. மாப்பிள்ளைக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும், அவர் கணக்கில் இல்லை. அப்படியானால் யார்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று மெத்தனமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். என்ன உடுத்திக்கொண்டு போவது என்றுகூட நினைத்து வைத்திருந்தேன்.

"அத்தை இருக்கட்டும்மா. அவங்க எத்தனையோ பிரசவம் பாத்தவங்க. நீ என் முகத்தைப் பாத்தா பயந்துருவே. நீ பயந்தா எனக்கும் பயம் வந்துரும்."

சரிம்மா என்றேன். நல்ல யோசனைதான் என்றேன். சிரித்தேன்கூட.

நான் பயந்துருவேனா? உனக்குக் காய்ச்சல் வந்தப்ப உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு மழையில ஓடினவ யாரு? உங்கப்பன் செத்தப்போ உன் முன்னாடி ஒரு சொட்டு கண்ணீர் விடாம நின்னவ யாருடி? நான் பெத்தேன் உன்னை. அந்தம்மா பெத்துச்சா? நேத்து வந்த மனுஷி, நாலு இலையை நனைச்சுக் காட்டி என் பிள்ளையை—

நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 5, ஞாயிறு

அவர்கள் மூவரும் சம்பந்தியின் அக்கா வீட்டுக்குப் போகிறார்கள், மாதக் கடைசியில்தான் வருவார்கள். மகளுக்குக் காற்று மாறினால் நல்லதாம். சாவியை என்னிடம் கொடுத்தார்கள். வீட்டுக்குள் இருக்கும் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஜன்னலைத் திறந்து மூட வேண்டும்.

"அப்புறம் நம்ம கூண்டு," என்றார் சம்பந்தி. "மழை பெஞ்சா கவலையில்ல. பெய்யலேன்னா வாரத்துக்கு ஒருதரம், ஒரு கம்பியால நடுவுல குத்தித் தண்ணி விடுங்க. மேல மட்டும் நனைச்சா உள்ள போகாது. காஞ்சிட்டா பூஞ்சை செத்துரும், அப்படியே நின்னுரும்."

நம்ம கூண்டு. யாருடைய நம்ம?

ஜூலை 12, ஞாயிறு

மழை இல்லை. தொட்டிகளுக்கு ஊற்றினேன். ஜன்னல்களைத் துடைத்தேன். யாரும் சொல்லாமலே அடுப்பு மேடையையும் தேய்த்துக் கழுவினேன். கூண்டுப் பக்கம் போகவில்லை.

ஜூலை 19, ஞாயிறு

மழை இல்லை. கொல்லைக் கதவைத் திறந்தேன். குழாய் சுருட்டி மாட்டியிருந்தது. கூண்டுக்குள் கையை விட்டால் சருகு மொறுமொறு என்றது. கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

நான் ஒன்றும் செய்யவில்லையே? செய்யாமல் இருந்தேன், அவ்வளவுதான். வெயிலடித்தால் நானா பொறுப்பு?

ஜூலை 25, சனி

மழை இல்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பெய்துவிட்டால் நன்றாக இருக்கும் போலவும் இருக்கிறது, பெய்யக் கூடாது போலவும் இருக்கிறது. என்ன மனுஷி நான்?

ஆகஸ்ட் 9, ஞாயிறு

அகப்பட்டுக்கொண்டேன். இல்லை, அகப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மகள் ஆசையாகக் கூண்டின் ஒரு பக்க வலையை அவிழ்த்துக் காட்டினாள். "பாரும்மா, உள்ள எப்படிக் கறுத்திருக்கும்னு." உள்ளே ஒன்றும் கறுக்கவில்லை. நடுவெல்லாம் பழுப்பாக, தூசி பறக்க, போட்டபடியே கிடந்தது. ஒரு கை அள்ளினாள். காற்றில் பறந்தது. அவள் முகம் சின்னப் பிள்ளை மாதிரி வாடிப்போயிற்று. மாசமாக இருக்கிறவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இது தயாரானதும் பாப்பா பேர்ல ஒரு செடி நடலாம்னு இருந்தோமே, அத்தை."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"என் தப்புதான்மா," என்றார் சம்பந்தி. "ஊருக்குப் போறதுக்கு முன்னாடி நானே ஒழுங்கா நனைக்கலை. அவங்க மேலாப்புல ஊத்தின தண்ணி எப்படி உள்ள இறங்கும்? பரவாயில்ல, கிளறி மறுபடி நனைச்சா பூஞ்சை திரும்ப வந்துரும்."

என்னைப் பார்க்கக்கூட இல்லை. பழியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். இதிலுமா ஜெயிப்பார் ஒரு மனுஷி? திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். இப்போது நன்றி வேறு பட வேண்டுமா நான்? முடியாது.

செப்டம்பர் 13, ஞாயிறு

மகளுக்குக் குனிய முடியவில்லை. அதனால் கிளறி நனைக்கிற வேலைக்கு நான் போனேன். போனேன் என்ன, சம்பந்தி போன் செய்து கூப்பிட்டார். மறுக்க முகமில்லை.

அவர் நீளக் காம்பு வைத்த தோட்ட முள்கரண்டியால் அள்ளிப் போடப் போட, நான் தண்ணீர் அடித்தேன். அவர் வேலையை நிறுத்தாமலே சொன்னார்: "நீங்க தண்ணி விடலைன்னு வந்த அன்னைக்கே தெரியும், சம்பந்தி. குழாய நான் எப்படிச் சுருட்டி மாட்டினேனோ அப்படியே இருந்துச்சு."

கையிலிருந்த குழாய்த் தண்ணீர் எங்கெங்கோ போயிற்று.

"தெரிஞ்சுமா அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்ல? உங்க எடத்துல நானிருந்தா தண்ணி விடாம இருந்திருக்க மாட்டேன். கொளுத்தியே விட்டிருப்பேன்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அங்க பாருங்க, என் காலை நனைக்கிறீங்க," என்றார். அப்போதும் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது வந்தது, பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஆனாலும் பிரசவ அறைக்குள் போகப் போவது அவர்தான். அதை நான் மறக்கவில்லை.

நவம்பர் 4, புதன்

பெண் குழந்தை! இரண்டு பேரும் நலம்.

காலையிலேயே வலி கண்டுவிட்டது. போன் வந்ததும் வேலைக்குப் போட்டிருந்த உடையோடு ஓடினேன். நான் போவதற்குள் சம்பந்தி உள்ளே போய்விட்டார். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. எட்டிப் பார்த்தேன், திரைதான் தெரிந்தது. மகள் கத்துவது கேட்டது. அம்மா, அம்மா என்றுதான் கத்தினாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "இருக்கேன்டி, இங்கதான் இருக்கேன்," என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளுக்குக் கேட்டிருக்காது. உள்ளே அந்தம்மா அவள் கையைப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தால் வயிறு பற்றி எரிந்தது. அவளைப் பிடித்திருக்கிற அந்தக் கை என்னுடையதாக இருக்க வேண்டியது.

பின்னால் தடால் என்று சத்தம். மாப்பிள்ளை. உள்ளே போகாமலே மயங்கிவிட்டார், சத்தத்துக்கே. ஆறடி ஆளை நானும் ஒரு துப்புரவுக்காரரும் சேர்ந்து பெஞ்சுக்கு இழுத்தோம். முகத்தில் தண்ணீர் தெளித்தேன். கண் விழித்து, "அவளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல, அத்தை?" என்று சின்னப் பையன் மாதிரிக் கேட்டார். "நானும் இப்படித்தான் கத்தினேன் மாப்பிள்ளை. நல்லாத்தானே இருக்கேன், கண்ணை மூடுங்க," என்றேன். என் தோளில் சாய்ந்து தூங்கியே போய்விட்டார். நான் அசையவில்லை. எனக்கும் பிடித்துக்கொள்ள யாராவது வேண்டியிருந்தது.

அப்படியேதான் இருந்தோம், கதவு திறந்தபோது. சம்பந்தி வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பேத்தி, சம்பந்தி!" என்று சொல்ல ஆரம்பித்தவர், தன் பிள்ளை என் தோளில் கிடப்பதைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. ஒரு கணம்தான். ஆனால் பார்த்தேன்.

"இவன் என் தோள்ல சாஞ்சு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?" என்றார் மெதுவாக. "காய்ச்சல்னாகூடக் கதவைச் சாத்திக்குவான்."

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதெல்லாம் எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. எனக்கு வந்தது சந்தோஷம். பேத்தி பிறந்த சந்தோஷம் ஒரு பக்கம், இது வேறு. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். கொஞ்ச நேரம் அனுபவித்தேன். அப்புறம், அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க, மனசு கேட்கவில்லை. தோளை மெல்ல நகர்த்தி, "வந்து இங்க உக்காருங்க சம்பந்தி, எனக்குக் கை மரத்துப்போச்சு," என்றேன். மரக்கவில்லை.

அவர் உட்கார்ந்து பிள்ளையின் தலையை வாங்கிக்கொண்டார். நான் என் மகளைப் பார்க்க உள்ளே போனேன்.

ஜனவரி 17, ஞாயிறு

குழந்தை இரண்டு பேரிடமும் அழுகிறது. நியாயமான பிள்ளை.

ஏப்ரல் 18, ஞாயிறு

இன்று கூண்டைப் பிரித்தோம். அடியிலிருந்தது அருமையாக மக்கியிருக்கிறது. அள்ளினால் கையில் ஈரம், மழை பெய்த காட்டு வாசனை, ஒரு இலையின் வடிவம்கூட இல்லை. நானும் சம்பந்தியும் சல்லடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சலித்தோம். மேலே நின்ற கப்பியை அடுத்த கூண்டில் போட்டோம்.

"சம்பந்தி, ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதீங்க," என்றார் திடீரென்று. "எனக்கு இந்த இலை மக்குன்னா என்னன்னே தெரியாது."

"என்ன?"

"உங்க பொண்ணு கல்யாணமாகி வந்த புதுசுல பேசவே மாட்டா. வேலைக்குப் போவா, வருவா, ரூமுக்குள்ள போயிருவா. உங்ககிட்ட போன்ல பேசும்போது மட்டும் சிரிப்பா. எனக்கு அந்தப் போனைப் பிடுங்கி வீசலாம் போல இருக்கும். ஒருநாள் தோட்டம்னா பிடிக்கும்னு வாய் தவறிச் சொன்னா. உடனே லைப்ரரிக்கு ஓடினேன். புஸ்தகத்துல ஒரு பக்கம் படிச்சிட்டு வந்து, பரம்பரையா இதையே பண்ணவ மாதிரி எடுத்து விடுவேன். அவளும் நம்பிட்டா. மறுநாளைக்கு அடுத்த பக்கம்."

எனக்குச் சல்லடையைப் பிடிக்க முடியவில்லை. பாதி மக்கு காலில் கொட்டிவிட்டது. அவரும் சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வர, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஊறுகாய் ஜாடிக் கதையை நானும் முழுசாகச் சொன்னேன். சர்க்கரைத் தண்ணீர் உட்பட. அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது.

நிமிர்ந்தால், கொல்லைக் கதவில் மகள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு.

"என்ன, என்னை விட்டுட்டு ரெண்டு பேரும் அப்படிச் சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல, உள்ள போ. குழந்தைக்குக் காத்து ஆகாது," என்றோம், இருவரும் ஒரே நேரத்தில். போனாள். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

கிளம்பும்போது சமையலறையில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். "அத்தை உங்கிட்ட அப்படி என்னம்மா சொன்னாங்க? எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லுவாங்களே?" மூக்கு நுனி சிவந்து, முகம் சுண்டிப்போயிருந்தது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"ஒண்ணுமில்லடி," என்றேன்.

வீட்டுக்கு வந்து கால் கழுவுவதற்குள் போன் வந்தது. மறுபடி கேட்டாள். நான் சொல்லவில்லை. அரை மணி நேரம் என்னென்னவோ பேசிவிட்டு, கடைசியில் இன்னொரு தரம் கேட்டாள். அப்போதும் சொல்லவில்லை. நாளைக்கும் கூப்பிடுவாள்.